பீசோ டிரைவர் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பிடித்துப் போனால் கோளாறு கிடைக்கும்

அலுமினியப் பட்டை (பீம்) ஒன்றை ஒரு முனையில் இறுக்கிப் பிடித்து, பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே மேலே ஒன்று கீழே ஒன்றாக பி.இசட்.டி. பேட்ச் (வோல்டேஜ் கொடுத்தால் நீண்டு சுருங்கும் பீசோ செராமிக் தகடு) ஒட்டி, அதன் அதிர்வை அடக்கப் பார்ப்பது. ஸ்மார்ட் ஸ்ட்ரக்சர் (தன் அசைவைத் தானே உணர்ந்து அடக்கும் கட்டமைப்பு) பக்கம் வருகிற பலருக்கும் முதல் சோதனை இதுதான். 1987-இல் கிராலியும் டி லூயிஸும் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றுவரை இந்தப் பீம் எல்லா லேபிலும் இருக்கிறது. பீமின் கணக்கும் கண்ட்ரோல் கணக்கும் எங்கே தேடினாலும் கிடைக்கும். நாள்கணக்கில் ஆளை உட்கார வைப்பது நடுவில் இருந்து பேட்சுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர், அதாவது டிரைவர் போர்டு. அதில் நானும் நிறைய நாள் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரே அமைப்பை வைத்துக்கொள்வோம். 50 × 25 மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் தடிமன், பி.இசட்.டி.-5எச் பேட்ச் இரண்டு. ஒன்றுக்குச் சுமார் 75 நானோஃபாரட், இணையாகப் போட்டால் 150. கொடுப்பது பிளஸ் மைனஸ் 100 வோல்ட், அதாவது பீக்-டு-பீக் 200.

எதையும் கழற்றுவதற்கு முன்

சப்ளையை அணைத்து, பேட்சின் இரண்டு வயரையும் ஒரு கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக ஷார்ட் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு கை வையுங்கள். அணைத்தவுடன் எல்லாம் இறங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். 7.2 மைக்ரோஃபாரட் ஸ்டாக் (பீசோ தகடுகளை அடுக்கிச் செய்தது) ஒன்றுக்கு ஒரு மெகாஓம் பிளீடர் (சார்ஜை வடிக்கும் ரெசிஸ்டர்) போட்டிருந்தால்கூட முழுதாக இறங்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பிளீடரே இல்லையென்றால் அடுத்த நாளும் சுளீரென்று அடிக்கும். அதற்கும் மேல், எங்கேயும் இணைக்காமல் மேசையில் கிடக்கும் பேட்ச் வெயிலில் சூடானாலே தானாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். வைக்கும்போது முனைகளை ஷார்ட் செய்து வையுங்கள்.

அப்புறம் எல்.சி.ஆர். மீட்டரை எடுத்து பேட்சின் கெபாசிட்டன்ஸை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை, ஒட்டிய பின் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை. கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு விடை அந்த நோட்டில்தான் இருக்கும். இதைச் செய்யாமல் ஆம்ப்ளிஃபையரை மாற்றிப் பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிற வேலை.

குறைந்த அதிர்வெண்ணில் நன்றாக இருக்கிறது, மேலே போனால் சைன் அலை முக்கோணமாகிவிடுகிறது

அடிக்கடி கேட்கும் புகார் இது. டிரைவரை வோல்டேஜ் பார்த்து வாங்குகிறோம். 200 வோல்ட் வேண்டும், இது 220 தரும், சரி போதும் என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் எதிரே இருப்பது கெபாசிட்டர், அதற்கு எவ்வளவு வோல்டேஜ் என்பதைவிட அந்த வோல்டேஜ் எவ்வளவு வேகமாக மாற வேண்டும் என்பதுதான் முக்கியம். சைன் அலைக்குத் தேவையான உச்சக் கரண்ட் = பை × அதிர்வெண் × கெபாசிட்டன்ஸ் × பீக்-டு-பீக் வோல்டேஜ். நம் 150 நானோஃபாரடுக்கு 50 ஹெர்ட்ஸில் 4.7 மில்லிஆம்பியர் போதும். அதுவே 1 கிலோஹெர்ட்ஸில் 94 மில்லிஆம்பியர். 20 மில்லிஆம்பியர் தரும் ஆம்ப் என்றால் 210 ஹெர்ட்ஸ் வாக்கில் அதன் கதை முடிந்துவிடும். அதற்கு மேல் அது மாறாத கரண்டைத்தான் தள்ள முடியும், மாறாத கரண்ட் கெபாசிட்டரில் நேர்கோடாக ஏறும், நேர்கோடாக இறங்கும். அதுதான் நீங்கள் பார்க்கும் முக்கோணம்.

முக்கோணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, ஆம்பின் ஸ்லூ ரேட், அதாவது அதன் வெளியீடு மாறக்கூடிய உச்ச வேகம். இரண்டையும் பிரிக்க ஒரு நிமிடம் போதும். பேட்சைக் கழற்றிவிட்டு அதே சிக்னலைக் கொடுங்கள். சைன் அழகாக வந்துவிட்டால் பிரச்சினை கரண்ட். லோடு இல்லாமலும் முக்கோணமாகவே இருந்தால் ஸ்லூ ரேட். மேலும் கீழும் மட்டும் தட்டையாக வெட்டியிருந்தால் இரண்டுமில்லை, சப்ளை போதவில்லை. அப்போது ஸ்கோப்பின் இரண்டாவது சானலை உயர் வோல்டேஜ் சப்ளையில் வைத்துப் பாருங்கள். சில வாட் மட்டும் தரும் சின்ன பூஸ்ட் மாட்யூல் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அது தொய்ந்து எழுவது கண்ணுக்கே தெரியும்.

கணக்குப்படி கரண்ட் போதும், ஆனாலும் முக்கோணம்தான் வருகிறது என்றால், எல்.சி.ஆர். மீட்டர் ஒரு வோல்டில் அளந்ததை நம்பிக் கணக்குப் போட்டிருப்பீர்கள். பெரிய வோல்டேஜில் பி.இசட்.டி.யின் கெபாசிட்டன்ஸ் கூடும், சூடானாலும் கூடும். நான் எப்போதும் அளந்த மதிப்பை ஒன்றரையால் பெருக்கிவிட்டுத்தான் ஆம்ப் தேடுவேன், ஸ்டாக் என்றால் இரண்டால். அந்த ஒன்றரையைப் போட்டால் மேலே சொன்ன 210 ஹெர்ட்ஸ் 140 ஆகிவிடுகிறது, பாருங்கள். வெளியே ரெசிஸ்டர் போட்டுக் கரண்ட் லிமிட் வைக்கும் வகை ஆம்ப் என்றால் அந்த ரெசிஸ்டரையும் பார்த்துவிடுங்கள். 450 வோல்ட் சப்ளை தாங்கி 200 மில்லிஆம்பியர் தரும் பி.ஏ.85 என்ற ஆம்பை வாங்கிப் போட்டுவிட்டு, பழைய போர்டிலிருந்த லிமிட் ரெசிஸ்டரை அப்படியே விட்டு ஒரு வாரம் அலைந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஸ்கோப்பில் கோடு தடிமனாக, பஞ்சு மாதிரி தெரிகிறது. சும்மா இருக்கும்போதே ஆம்ப் கொதிக்கிறது

ஆம்ப் தானாக அலைகிறது (ஆசிலேஷன்). டைம்பேஸைக் குறைத்துக்கொண்டே போனால் அந்தப் பஞ்சுக்குள் நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸிலோ அதற்கும் மேலோ ஒரு அலை ஒளிந்திருப்பது தெரியும். பீம் அந்த அதிர்வெண்ணில் அசையாது, அதனால் காதுக்கும் கைக்கும் எதுவும் தெரியாது. ஆம்ப் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

ஆம்பின் உள்ளே இருக்கும் வெளியீட்டு ரெசிஸ்டன்ஸும் உங்கள் பேட்சின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு ஃபில்டர் ஆகிவிடுகிறது. ஃபீட்பேக் அந்த ஃபில்டருக்குப் பின்னாலிருந்து எடுக்கப்படுவதால் ஃபேஸ் பின்தங்கி, அடக்க வேண்டிய ஃபீட்பேக்கே தூண்டிவிடுகிறது. முதல் மருந்து, வெளியீட்டுக்கும் பேட்சுக்கும் நடுவில் ஒரு தொடர் ரெசிஸ்டர். எவ்வளவு என்று கேட்டால், 10 ஓமில் ஆரம்பித்து அலை நிற்கும்வரை ஏற்றுங்கள். 100 ஓம் போட்டால் 150 நானோஃபாரடோடு சேர்ந்து 10.6 கிலோஹெர்ட்ஸில் வெட்டும், 1 கிலோஹெர்ட்ஸில் 5 டிகிரி வாக்கில் ஃபேஸ் போகும். பீம் வேலைக்கு இது பரவாயில்லை, ஆனால் இந்த 5 டிகிரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கண்ட்ரோல் லூப்பில் வேண்டும். அந்த ரெசிஸ்டரால் வோல்டேஜ் துல்லியம் கெடுகிறது என்றால் ஃபீட்பேக்கை இரண்டு வழியாகப் பிரியுங்கள்: ஃபீட்பேக் ரெசிஸ்டரை பேட்ச் பக்கத்திலிருந்தும், ஒரு சின்னக் கெபாசிட்டரை ஆம்பின் காலிலிருந்தே நேராகவும் எடுங்கள். மெதுவான சிக்னலுக்குப் பேட்சில் இருப்பதே கணக்கு, வேகமானதற்கு ஆம்பின் காலில் இருப்பது.

இவ்வளவு செய்தும் நிற்கவில்லை என்றால், ஆம்ப் அலையாமல் இருக்க அதன் காலில் போடும் காம்பன்சேஷன் கெபாசிட்டரைப் பாருங்கள். இது எனக்கே நடந்தது. மதிப்பு சரி, இடம் சரி, ஆனால் கைக்குக் கிடைத்த 50 வோல்ட் கெபாசிட்டர். பி.ஏ.85 மாதிரி ஆம்ப்களில் அந்தக் கெபாசிட்டர் மொத்த சப்ளை வோல்டேஜையும் தாங்க வேண்டும், டேட்டாஷீட்டிலேயே எழுதியிருக்கிறது. முதல் நாள் ஓடியது, இரண்டாம் நாள் அலைய ஆரம்பித்தது. கழற்றி எல்.சி.ஆர். மீட்டரில் வைத்தால் எதுவுமே காட்டவில்லை. பக்கவாட்டில் ஊசி முனையளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி, லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அதே புத்தி ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கும் வேண்டும். 1206 சைஸ் சிப் ரெசிஸ்டர் பெரும்பாலும் 200 வோல்டுக்குத்தான், 0805 என்றால் 150. வாட் கணக்கு சரியாக இருக்கும், வோல்டேஜ் கணக்கு உதைக்கும். கெயின் நாளுக்கு நாள் மெல்ல மாறுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல் இருக்கட்டும். மூன்று நான்கு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் தீர்ந்தது.

பீம் கொஞ்சம்தான் அசைகிறது, ஆம்ப் மட்டும் தொட முடியாத சூடு

மேலே சொன்ன அலைச்சல் இல்லை என்று உறுதி செய்துகொண்டால், இது கோளாறே இல்லை. லீனியர் ஆம்பும் கெபாசிட்டர் லோடும் சேர்ந்தால் இப்படித்தான். சப்ளையிலிருந்து எடுத்து பேட்சில் ஏற்றிய சார்ஜை அடுத்த அரைச்சுற்றில் பேட்ச் திருப்பிக் கொடுக்கிறது, ஆம்புக்கு அதைச் சப்ளைக்குள் திருப்பி அனுப்பத் தெரியாது, டிரான்சிஸ்டரில் சூடாக்கித் தொலைக்கிறது. கணக்கு சுலபம்: மொத்த சப்ளை வோல்டேஜ் × கெபாசிட்டன்ஸ் × பீக்-டு-பீக் வோல்டேஜ் × அதிர்வெண். பிளஸ் மைனஸ் 120 வோல்ட் சப்ளையில் நம் இரண்டு பேட்சையும் 1 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் 7.2 வாட். அதே மாதிரி 7.2 மைக்ரோஃபாரட் ஸ்டாக்கை 120 வோல்ட் சப்ளையில் 100 வோல்டுக்கு ஓட்டினால் 100 ஹெர்ட்ஸிலேயே 8.6 வாட், 1 கிலோஹெர்ட்ஸில் 86 வாட். சின்ன ஹீட்சிங்கை ஒட்டிவிட்டு இதைச் சமாளிக்க முடியாது.

வழி மூன்று. சப்ளையைத் தேவைக்கு மேல் பத்துப் பதினைந்து வோல்ட் மட்டும் விட்டுக் குறைப்பது முதலாவது, பைசா செலவில்லாதது. ஹீட்சிங்கையும் ஃபேனையும் பெரிதாக்குவது அடுத்தது. சக்தி நிஜமாகவே பெரிதாக இருந்தால் இண்டக்டர் வைத்துச் சார்ஜைத் திரும்ப எடுக்கும் ஸ்விட்சிங் டிரைவருக்குப் போக வேண்டும், அதற்கு மட்டும் தனியாக ஆறு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பீம் அளவு வேலைக்கு லீனியரை விட்டுவிடாதீர்கள் என்பதே என் கருத்து. ஸ்விட்சிங் சத்தம் சென்சாருக்குள் புகுந்தால் மிச்சம் பிடித்த வாட்டைவிடத் தலைவலி பெரிது.

ஸ்டாக்கே சூடாகிறதா? பீசோவின் உள்ளேயும் கொஞ்சம் இழப்பு உண்டு. சிறிய சிக்னலில் 2 சதவீதம் என்று போட்டிருக்கும் இழப்பு எண், பெரிய வோல்டேஜில் 10 சதவீதத்தைத் தொடும். தொடர்ந்து நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓட்டுபவர்கள் ஸ்டாக் மேல் ஒரு தெர்மோகப்பிள் ஒட்டி வையுங்கள். 5எச் வகைக்கு 190 டிகிரி வாக்கிலேயே பீசோ குணம் அழிந்துவிடும், அதில் பாதி வெப்பத்தைத் தாண்டும்போதே வலிமை குறைய ஆரம்பிக்கும்.

வோல்டேஜ் சரியாகப் போகிறது, பீம் அசையவே இல்லை, அல்லது முன்பு அசைந்த அளவு அசையவில்லை

முதல் நாளிலிருந்தே அசையவில்லை என்றால் போலாரிட்டி. மேல் பேட்ச் நீளும்போது கீழ்ப் பேட்ச் சுருங்க வேண்டும், அப்போதுதான் பீம் வளையும். இரண்டும் சேர்ந்து நீண்டால் பீம் மைக்ரான் கணக்கில் நீளும், வளையாது. டிரைவரைக் கழற்றிவிட்டு, பேட்ச் இரண்டையும் ஸ்கோப்பின் இரண்டு சானலில் பத்து மடங்கு புரோப் வைத்து இணைத்து, பீமின் நுனியை விரலால் சுண்டுங்கள். இரண்டு அலையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் ஒரே வோல்டேஜில் ஓட்டலாம். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் ஒரு பேட்சுக்கு எதிர் வோல்டேஜ் கொடுக்க வேண்டும். பேட்சின் மேலிருக்கும் புள்ளிக் குறியை நம்புவதைவிட இந்தச் சுண்டுதலை நம்பலாம்.

நாளடைவில் குறைந்தது என்றால் நோட்டை எடுங்கள். கெபாசிட்டன்ஸ் 75-லிருந்து 50-க்கு வந்திருந்தால் செராமிக்கில் விரிசல், மூன்றில் ஒரு பங்கு எலக்ட்ரோடு துண்டாகிவிட்டது, அந்த பேட்ச் முடிந்தது. கெபாசிட்டன்ஸ் அப்படியே இருந்து அசைவு மட்டும் குறைந்திருந்தால் பசை விட்டிருக்கலாம், பேட்ச் முனையை நகத்தால் தட்டினால் சத்தம் வித்தியாசமாக இருக்கும். பசையும் சரி என்றால் போலிங், அதாவது செராமிக்குக்குப் பீசோ குணம் தரும் உள் மின் ஒழுங்கு, போயிருக்கிறது. பேட்சின் மைனஸ் பக்கம் தாங்கும் அளவுக்கு மேல் எதிர் வோல்டேஜ் ஏறினால் இது நடக்கும்.

எம்.எஃப்.சி. (மேக்ரோ ஃபைபர் காம்போசிட்) வைத்திருப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருங்கள். நாசா லாங்லியில் உருவான அந்த நெகிழும் பேட்சில், பி1 வகைக்கு எல்லை மைனஸ் 500-லிருந்து பிளஸ் 1500 வோல்ட், பி2 வகைக்கு மைனஸ் 60-லிருந்து பிளஸ் 360. இரு பக்கமும் சமம் இல்லை. 500 வோல்ட் ஆஃப்செட்டோடு ஓட வேண்டிய பி1-க்கு வயரை மாற்றிக் கொடுத்தால் பிளஸ் 1500 அப்படியே மைனஸ் 1500 ஆகிவிடும், ஒரே சுற்றில் போலிங் போய்விடும். அதனால் கனெக்டரையே ஒரு பக்கமாக மட்டும் செருகும் வகையில் போடுங்கள். டிரைவர் ஆன் ஆகும் நொடியிலும் ஆஃப் ஆகும் நொடியிலும் வெளியீடு எந்தப் பக்கம் குதிக்கிறது என்பதை, பேட்சுக்குப் பதில் அதே வோல்டேஜ் தாங்கும் ஃபில்ம் கெபாசிட்டரை மாட்டி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் பேட்ச் சாகிறது

கடலோர ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. மெல்லிய டிக் டிக் சத்தம், ஸ்கோப்பில் ஊசி மாதிரி கீழிறங்கும் கோடுகள், கடைசியில் ஒரு பொறி. ஈரம் எலக்ட்ரோடு விளிம்பிலும் சால்டர் ஃபிளக்ஸ் மிச்சத்திலும் படிந்து கசிவுக்கு வழி போடுகிறது. இரவு முழுக்க டி.சி. வோல்டேஜில் விட்டுப் போனால் எலக்ட்ரோடின் வெள்ளியே மெல்ல நகர்ந்து பாலம் கட்டும். சால்டர் வைத்த இடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, காய வைத்து, பூச்சு கொடுங்கள். வேலை முடிந்தால் பயாஸை (நிலையாக நிற்கும் டி.சி. வோல்டேஜை) பூஜ்யத்துக்கு இறக்குங்கள். ஒரு தடவை பொறி பறந்து கருத்த இடம் துடைத்தால் சரியாகாது, அந்தக் கரியே அடுத்த பொறிக்கு வழி, சுரண்டி எடுக்க முடியாவிட்டால் பேட்சை மாற்றிவிடுங்கள். கசிவு பார்க்கிறேன் என்று 500 வோல்ட் மெக்கரை (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) பி2 எம்.எஃப்.சி.யில் வைத்துவிடாதீர்கள்.

கொடுத்த வோல்டேஜுக்குத் திரும்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை

போர்டில் தேடாதீர்கள், அது பொருளின் குணம். வோல்டேஜில் ஓட்டும் பி.இசட்.டி.க்குப் பத்துப் பதினைந்து சதவீத ஹிஸ்டெரிசிஸ் (ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் ஒன்றாக இல்லாதது) சாதாரணம், நிறுத்திய பின்னும் மெல்ல ஊர்வது வேறு. வோல்டேஜுக்குப் பதில் சார்ஜைக் கட்டுப்படுத்தினால் ஹிஸ்டெரிசிஸ் வெகுவாகக் குறையும். காம்ஸ்டாக் 1981-இல் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார், நியூகோம்பும் ஃபிளின்னும் 1982-இல் அளந்து காட்டினார்கள். ஆனால் சார்ஜ் டிரைவர் டி.சி.யைப் பிடித்து வைக்காது, நகர்ந்துவிடும். ஓரிடத்தில் நிற்க வேண்டிய வேலைக்கு ஸ்ட்ரெயின் கேஜ் (நீட்சியை அளக்கும் சென்சார்) வைத்து லூப்பை மூடுவதே, அதாவது அளந்ததைத் திருப்பி டிரைவருக்கே கொடுத்துத் திருத்துவதே நல்லது.

லூப்பை மூடினால் முதல் மோட் அடங்குகிறது, வேறு எங்கோ கீச்சென்று கத்துகிறது

மேல் மோட் (பீம் இயல்பாக ஆடும் அதிர்வு வகை) ஒன்றில் உங்கள் லூப்பே பீமை ஆட்டுகிறது. ஃபேஸ் கணக்கை உட்கார்ந்து கூட்ட வேண்டும். முதல் மோட் 12 ஹெர்ட்ஸ் என்றால் இரண்டாவது 75, மூன்றாவது 210 வாக்கில் வரும். 1 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் எடுத்தால் ஒரு சாம்பிள் தாமதம் மட்டுமே 12 ஹெர்ட்ஸில் 4 டிகிரி, 75-இல் 27, 210-இல் 76 டிகிரி. இதோடு தொடர் ரெசிஸ்டரின் பங்கு, சாம்பிள் எடுக்கும் முன் வேகமான சிக்னலை வெட்டும் ஆன்டி-ஏலியாசிங் ஃபில்டரின் பங்கு. மூன்றாவது மோடுக்குப் போகும்போது தணிக்க வேண்டிய விசை தூண்டும் விசையாக மாறியிருக்கும். கெயினைக் குறைத்துத் தப்பிக்கப் பார்க்காமல் சாம்பிள் வேகத்தை 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிப் பாருங்கள், பாதி நாள் அதுவே போதும். அப்புறமும் கத்தினால் அதிர்வெண் கூடக் கூடத் தானே அடங்கிப்போகும் பாசிட்டிவ் பொசிஷன் ஃபீட்பேக் வகைக் கண்ட்ரோலருக்கு மாறுங்கள். பீசோ பீமுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: சென்சார் பேட்ச் (அசைவை அளக்க ஒட்டியது) பார்ப்பது பீமின் அசைவையா, டிரைவ் வயரையா? நூறு வோல்ட் ஆடும் வயர் மில்லிவோல்ட் சென்சார் வயருக்குப் பக்கத்திலேயே போகிறது. ஓட்டும் பேட்சைக் கழற்றி, அதன் இடத்தில், அதே வயர் முனையில், 150 நானோஃபாரட் ஃபில்ம் கெபாசிட்டரை மாட்டி டிரைவரை ஓட்டுங்கள். பீம் அசையாது. அப்போதும் சென்சாரில் சிக்னல் வந்தால் அது முழுக்க வயர் வழியாகக் கசிந்தது. சென்சாருக்கு ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை சார்ஜ் ஆம்ப் (சென்சார் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்) பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்து, டிரைவ் வயரின் போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் முறுக்கி, பீமின் அலுமினியத்தையும் கிரவுண்டில் கட்டிவிட்டு, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். கெபாசிட்டரோடு ஓட்டும்போது சென்சார் கோடு தட்டையாகக் கிடக்கும்வரை லூப்பை மூட வேண்டாம்.